தனாரின் வேலையைப் பறித்த மகனுக்கு

அன்புள்ள மகன் பிரசோஜோவுக்கு,

உன் தம்பியின் வேலையை நீ பறித்தாய். உன் கல்யாண விருந்தன்று, நம் வீட்டு வாசலிலேயே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பறித்தாய். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கடலை மடித்து வந்த செய்தித்தாளைப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

பாலிக்பாப்பானுக்கு வேலைக்குப் போனபின் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்கலாம். கல்யாணமோ சாவோ, தெருவில் மணமாகாத பிள்ளைகள் எல்லாரும் சினோமான் குழுவில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஒருவன் தேநீர்த் தட்டு ஏந்துவான், ஒருவன் நாற்காலி போடுவான், ஒருவன் பாத்திரம் கழுவுவான். வேலை கொடுத்தால்தான் அவன் பெரியவன். கொடுக்காவிட்டால் விருந்தாளி, அல்லது குழந்தை. தனாருக்கு இருபத்து மூன்று வயது. அவனுக்கு அவர்கள் கொடுத்தது வண்டி நிறுத்தும் வேலை. தெருமுனையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதுவான். அவன் பேச்சுப் புரியாதவர்களுக்கும் விசில் புரியும். ஒரு கல்யாணத்தில் ஊர்த்தலைவரின் காரையே திருப்பி அனுப்பினான். "என்ன தனாரு, எனக்கேவா?" என்று அவர் கேட்டதற்கு இன்னொரு விசில்தான் பதில். தெருவே சிரித்தது. அவரும்தான்.

உன் விருந்தன்று நீ சினோமான் தலைவன் கியாந்தோவைத் தனியே கூப்பிட்டு, "பொண்ணு வீட்டுக்காரங்க சுரபாயாலேருந்து வர்றாங்கடா. தம்பி உள்ளேயே இருக்கட்டும். பாவம், ஓய்வு கொடுங்க" என்று சொல்லியிருக்கிறாய். பாவம் என்ற வார்த்தையை எங்கே கற்றாய்? இந்த வீட்டில் இல்லை. அன்று காலை யாரையும் கிட்டே விடாமல், பொத்தானோடு போராடி, சினோமான் பாத்திக் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டவன் அவன். அந்தச் சட்டையோடு பின்னறையில் மின்விசிறிக்கும் சோற்றுப் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான். சோற்றைத் தொடவில்லை.

உன் மனைவி மேல் பழி போடாதே. வெனிங் குளியலறையைத் தேடி வந்து அந்தக் கதவைத் திறந்தாள். அவன் ஏதோ சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. ஆனால் போய்விடவில்லை. "இன்னொரு தடவ சொல்லு தம்பி" என்று கேட்டு நின்றாள். மறுபடியும் கேட்டாள். கடைசியில் புரிந்தது. "இங்க வண்டி நிறுத்த இடமில்ல அண்ணி" என்று சொல்லியிருக்கிறான். தலை நிறைய மல்லிகையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்ததை நான் பார்த்தேன். கூச்சம் அவளுக்கு இல்லை மகனே.

அந்த ஒரு நாளோடு போயிருந்தால் விழுங்கியிருப்பேன். எதிர்வீட்டு சுலாஸ்த்ரியின் மகள் கல்யாணத்துக்கும் தனாரைக் கூப்பிடவில்லை. கியாந்தோவை வழிமறித்துக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "அண்ணன் சொன்னதுதானே அத்தை? அப்பா இல்லாத வீட்டுல மூத்தவர் பேச்சு. அத மீறினா எங்கள என்ன சொல்வாங்க?" என்றான். "அப்ப நான் யாருடா, இந்த வீட்டுல வாடகைக்கு இருக்கறவளா?" என்று கேட்டேன். "நீங்க அம்மா. புள்ளைக்காக அடம் பிடிப்பீங்கன்னு ஊருக்கே தெரியும்" என்று சிரிக்கிறான். கெட்டவன் இல்லை. ஒழுங்காக வளர்ந்த பிள்ளை, அதுதான் தொல்லை. மூத்தவன் விட்ட வார்த்தையை மூத்தவன்தான் திரும்ப எடுக்க வேண்டுமாம்.

தனார் இப்போது சினோமானின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதில்லை. முகம் மழிக்க விடுவதில்லை. சுகாதார நிலையத்துப் பெண் வந்து அவன் காலை நீட்டிப் பார்த்தாள். "தசை ரொம்ப இறுகிப் போச்சே, வெளிய கிளிய போறதில்லையா? ஃபிரெண்ட்ஸ் எங்க?" என்று கேட்டாள். அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். "எனக்கு ஓய்வு கொடுத்திருக்காங்க" என்றான். மூளை முடக்குவாதம் அவன் கால்களையும் நாக்கையும்தான் பிடித்திருக்கிறது. நீ சொன்ன வார்த்தை அவனுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது.

நம் தெரு ஹார்யோ வீட்டுக் கல்யாணம் ஹஜ் மாதத்தில் வருகிறது. அதற்குள் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் நீ தனாரிடம் பேச வேண்டும், என் வழியாக அல்ல. உனக்குப் புரியாவிட்டால் புரிந்த மாதிரித் தலையாட்டாதே, திரும்பச் சொல்லச் சொல். திட்டினாலும் திரும்பச் சொல்லச் சொல். அவன் சரி என்றால், வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது கியாந்தோவுக்குப் போன் செய், ஸ்பீக்கரில் போடச் சொல். "நான் சொன்னது தப்பு, என் தம்பிக்கு வேலை கொடுங்க" என்று சொல். காரணம் எதுவும் சொல்லாதே.

கியாந்தோ மற்றப் பிள்ளைகளைக் கூப்பிடுவது போல வாசலில் நின்று தனாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். என்னிடம் அனுமதி கேட்கக் கூடாது.

அந்தக் கல்யாணத்துக்கு வெனிங் தன் பெற்றோரோடு வர வேண்டும். அவர்களுக்குத் தனாரை நீ அறிமுகம் செய்ய வேண்டும், முன்வாசலில்.

கியாந்தோ கூப்பிட வரும்போது நான் கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அது எனக்குக் கஷ்டம்தான், செய்கிறேன்.

சினோமான் பிள்ளைகளில் நாலு பேராவது அவனைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கப் பழக வேண்டும். அக்குளில் எப்படிக் கை கொடுப்பது, எந்தக் காலை முதலில் இறக்குவது என்பதெல்லாம் நான் பக்கத்தில் நின்று காட்ட முடிகிற இந்த வருடத்திலேயே பழக வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நீயே அவர்களிடம் சொல்.

இறைவன் உன்னையும் வெனிங்கையும் காப்பானாக. உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் வாழட்டும்.

உன் தாய்,
வகியெம்