அப்பாவின் தும்மல் பொடி

அம்மாவுக்கு, நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா பக்கத்தில் இல்லாதபோது மேலே படி.

இந்தச் சலவைக் கடையின் பஞ்சுத் தூசியால் எனக்கு ஓயாத தும்மல். அப்பா தன் தும்மலுக்காகத் தூதுவளை, ஆடாதோடை, திப்பிலியெல்லாம் காயவைத்துக் கொடுக்க, நீ மிக்சியில் அரைத்து எனக்கும் அனுப்பிய பொடிதான் காப்பாற்றியது. நேற்று டப்பாவின் அடியில் ஏதோ கரண்டியில் தட்டியது. எடுத்துப் பார்த்தால், அரைபடாத பாதி மாத்திரை! மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் அறைத்தோழி, "இது அலர்ஜி மாத்திரைடி. போட்டா தூக்கம் சொக்கும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் இஸ்திரி போடும்போது நின்றபடியே கண்ணசந்து ஒரு சட்டைக் காலரைக் கருக்கிவிட்டேன். பயப்படாதே, கையில் படவில்லை.

மாத்திரை என்றாலே காத தூரம் ஓடுபவர் அப்பா. அவருக்குத் தெரியாமல் கலந்தது நீதானே? அவர் தும்மித் தும்மித் தவித்ததைப் பார்க்கப் பொறுக்காமல் செய்திருப்பாய். ஆனால் அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அம்மா! காலையில் அதை வாயில் போட்டுக்கொண்டுதானே வண்டி எடுக்கிறார்? இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடு. கத்தினால் கத்தட்டும்.

துணி மூட்டை வந்துவிட்டது, ஓட வேண்டும். எனக்கு இன்னொரு டப்பா அனுப்பு, மாத்திரை போடாமல். ராத்திரி அதைச் சாப்பிட்டதும் கண் செருகும். வீட்டு வாசனைதான் என்னைத் தூங்கவைக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது உண்மையா என்று பார்க்க வேண்டும்.

உன் மகள்