உன் குப்பிகள் கிடைத்துவிட்டன

கொல்லயில்,
நவம்பர் 28

அன்பு மகள் லிஜாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவின் முட்டுவலி குறைந்திருக்கிறது. கடலில் விழும் தூசியைப் பிடிக்க பொழியூர்க் கடலில் நீ இறக்கிவைத்த பொறி கிடைத்ததை உன்னோடு படித்த லேகா போனில் சொல்லியிருப்பாள், நான் கூடப் போனதைச் சொல்லியிருக்க மாட்டாள், சொல்ல வேண்டாம் என்றது நான்தான்.

ஐப்பசித் துலாமழையில் பொறியின் மிதவை அறுந்துபோயிற்று, ஒரு வருட உழைப்பு போயிற்று, ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று நீ போனில் அழுத அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் லேகா வள்ளம் பேசியிருக்கிறாள் என்று கேட்டதும் நானும் ஏறிக்கொண்டேன். பாவம், அவள் வழியெல்லாம் வாந்தி. நீ குறித்துக் கொடுத்த இடத்தில் கொக்கியை அடியில் போட்டு இழுத்தோம், இரண்டு தடவையும் வெறும் கொக்கிதான். வள்ளக்காரன் ஜித்தின், காத்து மாறுது மாமா, திரும்புவோம் என்றான். லேகா வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒருக்கா இழுத்துப் பாப்போம் அண்ணா, அவ ஒரு வருசம் பட்ட பாடாக்கும் அடியில கெடக்குது என்றாள். மூன்றாவது தடவை கயிறு மாட்டியது, நானும் சேர்ந்து இழுத்தேன், கை இன்னும் காந்துகிறது.

வாரத்துக்கு ஒன்றாகப் பொறியின் புனலுக்கடியில் வந்து நிற்கும் உன் குப்பிகளில் ஒன்றுகூட உடையவில்லை மக்கா. முதல் மூன்றிலும் கொஞ்சம் தூசி. நெய்யாறு கரைபுரண்ட வாரத்துக் குப்பியில் இரண்டு விரல் உயரத்துக்குச் செம்மண், வெள்ளறடை மலைச்சரிவுகளில் ரப்பர் மரத்து மூட்டிலிருந்து மழை அரித்துக்கொண்டு போன மண்ணின் அதே நிறம். அடுத்ததில் ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன், அதில்தான் எல்லாவற்றையும்விடக் கூடுதல், பச்சையாகக் கஞ்சிபோல. வெள்ளம் கொண்டுவந்த சத்தில், வெயில் வந்ததும் கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகி, செத்து, மண்ணோடு ஒட்டிக் கனத்துச் சீக்கிரம் கீழே இறங்கியிருக்கும் என்றாள் லேகா. மலையில் பெய்த மழை கடலடிவரை போய்ச் சேர்வதை நீ வாரம் வாரமாகப் பிடித்துவைத்திருக்கிறாய். கடலில் அழுக்கு விழுவதைப் பார்க்கவும் ஒரு படிப்பா என்று பரிகாசம் பண்ணினவன் நான், அதை மனசில் வைக்காதே.

ஆராய்ச்சியை நிறுத்தும் பேச்சு இனி வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பார். ஒன்று சொல்ல மறந்தேன். கரையில் இறக்கும்போது கூட்டம் கூடி, இது ஆருக்க சாதனம் என்று கேட்டார்கள். எனக்க மவளுக்கயாக்கும் என்றேன். சத்தம் கூடிப்போயிற்று போல, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் அப்பா,
ஞானையன்