ஊதாப் பொய்மீன்

என்னங்க, காளையார்கோவில் வரை போகிறேன். குழம்பு அடுப்படியில்.

நாளைக்குத் தொண்டியில் நீங்கள் படகேறத் தூண்டில் பெட்டியை அடுக்கிவிட்டேன். படகுக்குப் பின்னால் இழுக்கும் பொய்மீன்களில் வெயிலுக்கு நீலம், மேகமூட்டத்துக்குக் கறுப்பு. அடியில் ஊதா ஒன்று கிடக்கிறது. போன வருடம் உங்களோடு வந்த ஈஸ்வரன் அண்ணன் கடலில் விழுந்தபோது கையோடு போன அதே ஊதா. வாலில் நான் கட்டிய கோவில் கயிறும் இருக்கிறது.

“கடல்ல போனவுக திரும்பி வரமாட்டாக, புள்ள!” என்று நேற்றுக் கத்தினீர்களே. அண்ணன் மனைவி செந்தாமரைக்கு முதல் மீன் தருவதாகச் சொன்னவர் நீங்கள்தான். இந்த முறையாவது அரியக்குடியில் அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்னக்கிளி

பி.கு: பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. துடைத்தும் நிற்கவில்லை. நாக்கில் வைத்தேன், உப்பு.

அண்ணனுக்கும் ஒரு தட்டு வைத்திருக்கிறேன். வந்தால் பசியோடு அனுப்பாதீர்கள்.