வியாழக்கிழமை கேசட்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். போன் பண்ணினா நீ எடுக்கறதில்லை, அதான் காகிதம். முதுகுவலி எப்படி இருக்கு?

நம்ம எஃப்எம்முக்கு அடுத்த மாசம் இருபத்தஞ்சு வயசு. வரலாற்றைப் புத்தகமா போடணும்னு முதலாளிக்கு ஆசை. எழுதற வேலை என் தலையில. அச்சகத்து மாடியில ரெண்டு ரூம், எதிரொலி வராம இருக்க சுவரெல்லாம் முட்டை அட்டை, மழை பெஞ்சா வாளி வைச்சுட்டுச் செய்தி வாசிச்சது, ஆன்டெனா கோபுரத்துல ஏறி நின்னு "கேக்குதா அக்கா?"ன்னு நீ கத்தினது, எல்லாம் எழுதிட்டேன்.

பன்னிரண்டாவது வருஷத்துல வந்து பேனா நிக்குது. மேட்டுத்தெருவுல எதிர் நிலையம் வந்த வருஷம். நம்ம புது நிகழ்ச்சி அத்தனையையும், நேரம் உட்பட, நமக்கு ஒரு வாரம் முந்தி அவங்க போட்டாங்க. அந்த நிகழ்ச்சிப் பட்டியல் முதலாளிகிட்ட, என்கிட்ட, இன்ஜினியர்ங்கறதால உன்கிட்ட, அவ்வளவுதான் இருந்தது. முதலாளி உன்னை வேலையை விட்டு அனுப்பினார். மறு மாசமே நீ அவங்ககிட்டயே போய்ச் சேர்ந்தே.

இப்ப புத்தகத்துக்காகப் படிக்கட்டுக்கு அடியில கிடக்கற பழைய கேசட்டையெல்லாம் கிளறினேன். ஒலிபரப்பு முழுசையும் பதிவு பண்ணி வைப்போமே, அதுதான். பட்டியல் போட்ட அந்த வாரம் எல்லா நாளும் இருக்கு. வியாழன் காலை மட்டும் இல்லை. அந்த கேசட் பெட்டிச் சாவி உன் இடுப்புலதான் தொங்கும். அதுல என்னடா இருந்தது? பட்டியலை நீதான் குடுத்தியா? பதிமூணு வருஷமா இதை முழுங்கிட்டு இருக்கேன்.

உன் அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

நல்லாயிருக்கேன். முதுகுவலியும் நல்லாயிருக்கு.

கேசட்டை எடுத்தது நான்தான். பட்டியலைக் குடுத்தது நான் இல்லை. புத்தகத்துல என்ன வேணா எழுதிக்கோ.

"தம்பிக்கு வாய் கொஞ்சம் ஓட்டை, எங்கயாவது உளறியிருப்பான்"னு முதலாளிகிட்ட நீ சொன்னப்ப நான் கதவுக்கு வெளியில நின்னுட்டிருந்தேன். அன்னைக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டியா? இப்ப புத்தகத்துக்காகக் கேக்கறே.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

யார் காதுல பூ சுத்தறே? நீ குடுக்கலைன்னா கேசட்டை எதுக்கு ஒளிக்கணும்? கதவுக்கு வெளியில நின்னியே, உள்ள வந்து "நான் இல்லை"ன்னு சொல்ல என்ன தடுத்தது?

பத்து நாள்ல அச்சுக்குப் போகுது. கேசட் வரலைன்னா உன்னைத்தான் எழுதுவேன். அப்புறம் கூடப்பிறந்தவளே எழுதிட்டான்னு புலம்பாதே.

சின்னவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. "மாமாவுக்குச் சொல்லலாமாம்மா?"ன்னு கேட்டா. 

அக்கா

மார்ச் 28

அக்கா,

கேசட்டை இதோட அனுப்பறேன். தனியா இருக்கும்போது போட்டுக் கேளு. ஏழேகாலுக்கு ஓடின பாட்டைக் காது குடுத்துக் கேளு.

அத்தான் விட்டுட்டுப் போய் அப்ப எட்டு மாசம். ரெண்டு பிள்ளைங்களை வைச்சுக்கிட்டு நீ அந்த வேலையை நம்பித்தான் இருந்தே. எனக்கு ஒயர் பிடிக்கற வேலை எங்கயும் கிடைக்கும்னு நினைச்சேன். ஆனா நீயே என்னைக் கை காட்டுவேன்னு நினைக்கலை. அப்புறம் எல்லாம் வீம்புதான்.

சின்னவகிட்ட மாமா சந்தோஷப்பட்டாருன்னு சொல்லு.

தம்பி

ஏப்ரல் 3

என் தம்பிக்கு,

நாலு தடவை கேட்டேன். பாட்டுக்கு அடியில என் குரல். மைக்கை மூடாம, போன்ல முதலாளிக்குப் பட்டியலை ஒண்ணொண்ணா வாசிக்கறேன், நேரத்தோட! ஊர் பாட்டைத்தான் கேட்டிருக்கும், காதைத் தீட்டிட்டிருந்த மேட்டுத்தெரு விடுமா? "பேசி முடிச்சதும் முதல்ல மைக்கை மூடு"ன்னு வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறவ நான். வெக்கமா இருக்குடா.

அப்புறம் கதவு திறக்குது. மொட்டைமாடி ரூம்ல ரேடியோவைக் கேட்டுட்டு ஓடி வந்திருக்கே, மூச்சு இரைக்குது. "அக்கா, மணி என்னாச்சு?"ங்கறே. நான் சுவர்க்கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து "ஏழு"ன்னு ஆரம்பிக்கறேன். அதோட என் குரல் நின்னுபோச்சு. பாட்டு மட்டும் ஓடுது. நான் திரும்பின நேரத்துல மைக்கை மூடியிருக்கே.

உன் கையில கடிகாரம் இருந்ததுடா.

அழுது முடிச்சுட்டுத்தான் எழுதறேன். உனக்குப் பண்ணினது பெரிய பாவம். மன்னிச்சுடுன்னு எழுதவே கை கூசுது.

பன்னிரண்டாவது அத்தியாயத்தைக் கிழிச்சுட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதலாளி படிச்சுட்டு "இது தேவையாம்மா?"ன்னார். தேவைன்னேன். அச்சுக்குப் போயாச்சு.

ஆனா புத்தகத்தை எத்தனை பேர் படிப்பாங்க? பதினஞ்சாம் தேதி, நிலையத்துப் பிறந்தநாள் அன்னைக்கு, காலை ஏழேகாலுக்கு மைக்ல நானே சொல்லப் போறேன். உன் ஊர் வரைக்கும் நம்ம நிலையம் எடுக்காது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தாத்தான் கேக்கும், நீ அளந்து சொன்னதுதானே. அங்கயிருந்து நம்ம வீடு ரெண்டே தெரு.

கடிகாரம் கட்டாமலே வா. மணி நான் சொல்றேன்.

அக்கா