கழுவ மறந்த நாள்

அம்மாவுக்குச் சின்னவனின் வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

அப்பா போன செய்தி வந்தபோது ஆய்வகத்தில் இருந்தேன். கிளம்பினாலும் முகம் பார்க்க முடியாது என்று அண்ணன் சொன்னதால், வேலையைத் தொடர்ந்தேன். எலிக்குடலின் ஒரு துண்டை வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டு மருந்து விடுவேன். உடம்பை விட்டு வந்த பிறகும், மருந்து பட்டால் அது சுருங்கும்.

அன்று நான்கு முறை விட்டும் அசையவில்லை. தூக்கிப் போடப் போனேன். மேற்பார்வை பார்க்கும் அக்கா கையைப் பிடித்தார்.

"முதல்ல கழுவுனியா?"

முந்தைய சோதனையில் விட்ட, குடலைச் சுருங்கவிடாமல் தடுக்கும் மருந்தைக் கழுவ மறந்திருந்தேன். அப்பாவின் நாற்காலியில் விருந்தாளி உட்கார்ந்துவிட்டால் அவர் பேப்பரோடு நின்றுகொண்டே இருப்பாரே, அதுபோல புது மருந்து உட்கார வேண்டிய இடங்களில், அதாவது ஏற்பிகளில் எல்லாம், அந்தப் பழைய மருந்து உட்கார்ந்திருந்தது.

"அது சாகலப்பா. சேதி வந்தாலும் வாங்கிக்க எடமில்ல, அவ்வளவுதான். மூணு தடவ கழுவிட்டுக் காத்திரு."

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி மருந்து விட்டதும் லேசாகச் சுருங்கியது. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அழுதாயா என்று போனில் கேட்டாய். இன்னும் இல்லை அம்மா.

அண்ணனிடம் சொல்லி இரண்டு பனியனும் என் பழைய போர்வையும் அனுப்பு. கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்பாவின் சட்டை தொங்குமே, அதையும் வை. அக்கா கூப்பிடுகிறார், போக வேண்டும்.

சட்டையைத் துவைத்துவிடாதே.

உன்
சின்னவன்