இந்த வருடத்துக் கேட்சர்

பராவோனா
1996 செப்டம்பர் 29, ஞாயிறு

அன்புள்ள தீதோ,

வென்சோ எழுதுகிறேன். நெரெய்டாவும் பிள்ளைகளும் சுகம். மொன்டெர்ரேயில் வெயில் தணிந்ததா? எத்தனையோ தடவை தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா, நீ குளித்துக்கொண்டிருப்பதாகவே சொல்கிறார். ஒரு மனிதன் இவ்வளவு குளித்தால் தோல் உரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். தபால்காரரிடம் யாரும் "குளிக்கிறார்" என்று சொல்லி அனுப்ப முடியாது.

உன் அம்மா நன்றாக இருக்கிறார். இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார். சமையலறை மேல் ஒழுகிய தகரத்தை மாற்றிவிட்டேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. அவர் சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏன் சொன்னார் என்பதற்குக் கிளப் கதை முழுவதையும் நீ கேட்டாக வேண்டும்.

நம் பேஸ்பால் அணி பெலிகன்கள் தொடர்ந்து மூன்று பருவமாகக் கடைசி இடம் என்பது அங்கேயும் பேப்பரில் வந்திருக்கும். இங்கே அதோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பதைப் பேப்பர் போடாது. ஆட்களை எடுப்பதும் விடுவதும் என் பொறுப்பு என்பதால் ஊர்வாய் முழுவதும் என் மேல்தான். முடி வெட்டிக்கொள்ளப் போனால், "என்ன வென்சோ, கடைசி இடத்துக்குப் பட்டா வாங்கிட்டீங்களாமே?" என்கிறான் கடைக்காரன், கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே. கடற்கரையில் மீன் பொரிப்பவள், "ஜெயிச்ச அன்னைக்கு வா, அப்ப தலை மீன் தர்றேன்" என்று எனக்கு வால் துண்டைப் பொட்டலம் கட்டுகிறாள். வீட்டிலாவது நிம்மதி உண்டா? நெரெய்டா ஆஸ்பத்திரி நர்ஸ் அல்லவா, அவள் பாணியில் சொல்கிறாள்: "எங்க வார்டுல ஒரு நோயாளி மூணு வருஷம் கிடந்தா, ஒண்ணு பொழச்சு வீட்டுக்குப் போவான், இல்லேன்னா போய்ச் சேருவான். உங்க கிளப்பு ரெண்டும் பண்ணாம படுக்கையைப் புடிச்சு வச்சிருக்கு."

அவள் சொன்னதுதான் சரி. ஒவ்வொரு வருடமும் பாதி கிழடு, பாதி பிஞ்சு என்று ஒரு அணியைக் கட்டுகிறோம். ஒப்பந்தம் முடிந்து யாருக்கும் கட்டுப்படாமல் சுற்றுகிற பெரிய பெயர்களில் நமக்கு எட்டுகிறவர்களை, அதாவது மற்ற கிளப்புகள் வேண்டாம் என்று விட்டவர்களை, அழைத்து வருகிறோம். அவர்கள் கிறிஸ்துமஸுக்குள் தசை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் பையன்களோ ஒரு பந்தைக்கூடத் தொடாமல் பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்தே ஒரு வயது ஏறிவிடுகிறார்கள். ஒன்று, முழுக்கப் பணத்தை இறக்கி இந்த வருடமே ஜெயிக்கிற அணியை வாங்கு. இல்லையென்றால் அடி வாங்கினாலும் சரி என்று இளைஞர்களை இறக்கிவிட்டுப் பொறுமையாக இரு. முதலாவதற்கு நம்மிடம் வசதி இல்லை, இரண்டாவதற்கு நம்மிடம் பொறுமை இல்லை. நான் பொறுமையைக் கேட்டேன்.

ஐஸ் தொழிற்சாலைக்காரர் டான் ஃபுல்வியோதான் இப்போதும் கிளப் தலைவர். ஆகஸ்டுக் கூட்டத்தில் அவர் மூன்று பெயர்களைச் சொன்னார். பந்து வீச ஒரு அமெரிக்கப் பிட்சர், வெளிமைதானத்துக்கு ஓவாண்டோ, கேட்சராக நீ. உன் பெயரைச் சொல்லும்போது மேசையைத் தட்டினார். "தீதோ வந்தா போதும்டா, டிக்கெட்டு தானா கிழியும். மொத நாள் அவன் பேரை மைக்குல சொன்னா ஸ்டேடியம் கூரையே பறக்கும்!" என்றார்.

"பறக்கும், டான் ஃபுல்வியோ. கடைசி ஆட்டங்கள் வர்ற ஜனவரியில யாரு குந்தி உக்காந்து பந்து புடிப்பா?" என்று கேட்டேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் உரேன்யா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நீயும் நானும் ஒரே தெருவில் ஒரே மட்டையால் விளையாடியவர்கள், நீ என் மூத்தவளுக்கு ஞானத்தகப்பன் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். உனக்காக நான் சண்டை போடுவேன் என்று நினைத்து வந்தவர்கள் அவர்கள்.

தீதோ, ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போது சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடு. மே மாதம் நீ ஆடிய ஆட்டம் ஒன்றின் கேசட்டை அங்கிருக்கும் நண்பர் ஒருவர் அனுப்பினார். வேறொரு பிட்சரைப் பார்ப்பதற்காகப் போட்டேன். ஏழாவது இன்னிங்ஸில் நீ குந்திய நிலையிலிருந்து எழுகிறாய். எழும்போது கையுறையை மண்ணில் ஊன்றுகிறாய். மறுபடியும் அதேபோல். அம்பயர் குனிந்து ஏதோ கேட்கிறார், நீ சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாய். எட்டாவது இன்னிங்ஸில் முதல் பேஸை நோக்கி ஓடுகிறாய். அதை ஓட்டம் என்று யார் சொல்வார்கள்? கேசட்டை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இதை நான் கூட்டத்தில் எப்படிச் சொல்ல முடியும்? அந்த அறையில் சொன்னது காபி ஆறுவதற்குள் மீன் சந்தைக்குப் போய்விடும், அங்கிருந்து தலைநகரத்துக்கு. பிறகு இந்தத் தீவில் எந்தக் கிளப்பும் உன்னைத் தொடாது. நீ இருக்கும் மெக்ஸிகோவிலும் தொடமாட்டார்கள். ஆகவே உன் முழங்கால் முட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இளைஞர்கள், எதிர்காலம், பொறுமை என்று பேசினேன். அதுவும் உண்மைதான், நான் நம்புகிறதுதான். ஆனால் பாதி உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவது ஒற்றைக் காலில் நின்று மட்டை வீசுவது போல இருந்தது. எப்படியோ ஓட்டு என் பக்கம் விழுந்தது. டான் ஃபுல்வியோ எழுந்து, "சரி. பெரிய ஆளுங்க யாரும் வேணாம், புள்ளைங்கள வச்சே ஆடுவோம். ஆனா இதை ஜனங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு" என்றார்.

சொன்னேன். இம்மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை ஸ்டேடியத்தைத் திறந்துவிட்டார்கள். மூன்றாவது பேஸ் பக்கம் முழுக்க ஆட்கள். நம் புதுக் கேட்சர் எல்பீடியோவை உனக்குத் தெரியாது. கப்ரால் ஊர்ப் பையன், இருபத்தொரு வயது, கை மட்டும் பீரங்கி. உன் கால் தூசுக்கு வரமாட்டான், இப்போதைக்கு. மண்ணில் குத்தி வரும் பந்தை விட்டுவிடுகிறான், பிட்சர் கோபப்பட்டால் இவன் கண் கலங்குகிறது. ஆனால் இரண்டு வருடமாக அவனுக்கு முன்னால் யாரோ ஒரு கிழவரை உட்கார வைத்துவிட்டு, இவன் தேறவில்லை என்று நாமே குறை சொல்கிறோம். இதையெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூச்சல் கிளம்பிவிட்டது. "பொறாமை புடிச்சவன்!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன், "அவன் ஹோம் ரன் அடிக்கறப்ப நீ பெஞ்சுல உக்காந்து தண்ணி எடுத்துக் குடுத்தவன்தானே! அந்த வயித்தெரிச்சல் இன்னும் ஆறலையாடா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது உண்மைதான். அதை நான் எந்நாளும் குறையாக நினைத்ததில்லை.

அப்போது உன் அம்மா எழுந்தார். அவர் வந்திருப்பதை அதுவரை நான் பார்க்கவில்லை. வெயிலுக்குக் குடை கொண்டுவந்திருந்தார். கூட்டம் அடங்கிவிட்டது.

"வென்சோ, என் புள்ள வர்றானா இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றார்.

"இல்லைம்மா. இந்த வருஷம் எல்பீடியோதான் கேட்சர்."

அவர் குடையை விரித்துக்கொண்டு படிகளில் இறங்கிப் போனார். அந்தக் கூச்சலையெல்லாம் நான் மறந்துவிடுவேன். அவர் இறங்கிப் போனதை மறக்க மாட்டேன்.

மறுநாள் எல்பீடியோ வீட்டுக்கு வந்து நின்றான். அவர்கள் வீட்டுக் கதவில் யாரோ அழுகிய வாழைக்காயை எறிந்திருக்கிறார்கள். "சார், தீதோவைக் கூப்பிட்டுடுங்க. நான் பெஞ்சுலயே உக்காந்துக்கறேன். எனக்குப் பழக்கம்தான்" என்றான். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு வெறி வந்தது. "பழக்கம்னு இன்னொரு தடவை சொன்னே, உன் பையைத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன். போய்ப் பந்து புடி!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பயந்து ஓடினான். நெரெய்டா உள்ளேயிருந்து, "நல்லாத்தான் புள்ள வளக்கறீங்க" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். அடுத்த வாரம் வானொலியில் செய்தி: பெலிகன்கள் ஓவாண்டோவை ஒப்பந்தம் செய்துவிட்டார்களாம். முப்பத்தொன்பது வயது ஓவாண்டோ! அதுவும் இரண்டு பருவத்துக்கு. நான் காபியைக் கீழே வைத்துவிட்டு நேரே ஐஸ் தொழிற்சாலைக்குப் போனேன்.

"சனிக்கிழமை ஊருக்கு முன்னால நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"ஏன் இல்லாம? ரொம்ப நல்லா பேசினே. ஆனா அது கொள்கைடா. இது ஓவாண்டோ" என்றார் டான் ஃபுல்வியோ. அவருடைய மருமகனுக்கு ஓவாண்டோ என்றால் உயிராம். ஜனங்களுக்கும் ஏதாவது புதிதாகக் காட்ட வேண்டுமாம். நான் மேலும் கத்தியபோது அவர் கையமர்த்தினார். "இப்ப என்ன, உன் ஆளை எடுக்கலன்னு கோவமா? சரி, தீதோவையும் கூப்பிட்டுக்கோ. இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். போதுமா?"

ஆமாம் என்ற சொல் பல் வரைக்கும் வந்துவிட்டது, தீதோ. கொள்கை ஏற்கெனவே நாசமாகிவிட்டது. ஓவாண்டோவுக்கு இடம் உண்டு, உனக்கு இல்லையா? மட்டை பிடிக்க மட்டும் உன்னை வைத்துக்கொள்ளலாமே என்றும் யோசித்தேன். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? எல்பீடியோ ஒரு பந்தை விட்ட அன்றே நீ கேட்சர் முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்வாய். ஊரே எழுந்து நின்று கைதட்டும். தடுக்கிற தைரியம் எனக்கும் இருக்காது. பிறகு நம் மைதானத்தில், உன் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, நாலு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"வேண்டாம்" என்றேன்.

"நீ என்ன ஜென்மம்டா? சிநேகிதன் மேல அப்படி என்ன வன்மம் உனக்கு?" என்றார். வேலையை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. விட்டால் எல்பீடியோ மறுபடியும் பெஞ்சுக்குப் போவான். ஆகவே உரேன்யாவை வரவழைத்து, அவர் முன்னிலையில் ஒரு வாக்குறுதி வாங்கினேன். கேட்சர், ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது பேஸ், இந்த மூன்று இடத்திலும் இந்தப் பருவம் முழுக்க நம் பையன்கள்தான், தோற்றாலும் மாற்றக் கூடாது என்று. டான் ஃபுல்வியோ சரி என்றிருக்கிறார். முதல் நாலு தோல்வி வரை தாங்கும் என்று நினைக்கிறேன். இதற்குத்தான் இவ்வளவு சண்டை.

உன் அம்மா முந்தாநாள் வந்தார். ஒரு பாத்திரத்தில் தேங்காய்ப்பால் மீன். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"நீ செஞ்சது சரியா தப்பான்னு கேக்க வரல. எனக்கும் ஆட்டம் தெரியும், உங்க ரெண்டு பேரு சட்டையையும் துவைச்சவ நான். அவன்கிட்ட நீ சொல்லிட்டியா?"

"போன் எடுக்க மாட்டேங்கறாம்மா."

"எடுக்கலன்னா எழுது. கை இருக்குல்ல? என் புள்ள இதைப் பேப்பருல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அவன் உடம்புக்கு ஏதாவதா, வென்சோ?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனும் இப்படித்தான். கண்ணைப் பாத்துப் பொய் சொல்ல வராது" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தைத் திருப்பித் தர மறக்காதே என்று நெரெய்டாவிடம் கூறிப் போய்விட்டார்.

தலைநகரத்துக் கிளப் ஒன்று உன்னை விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நல்ல டாக்டரிடம் முட்டியைக் காட்டு. கிளப் டாக்டர் வேண்டாம், உனக்காக மட்டும் பார்க்கிற ஒருவர்.

அதற்கும் முன்னால் ஊருக்கு வா. சீருடை இல்லாமல் பராவோனாவுக்குள் எப்படி நுழைவது என்றுதான் நீ இத்தனை மாதமாகத் தண்ணீருக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. என் மேல் கோபமாகவே வா, அது ஒரு நல்ல சாக்கு. என் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டு, தெரு முழுக்கக் கேட்கட்டும், எனக்கு அது பழகிவிட்டது. திட்டி முடித்ததும் உள்ளே வா. பெரிய நாற்காலியைப் போடுகிறேன், இன்னொன்றை எதிரே போடுகிறேன். காலை நீட்டி உட்கார். எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்ளலாம். யாரும் பார்க்க மாட்டார்கள்.

நீ இறங்குகிற ஒவ்வொரு படியிலும் கன்னி மாதா உன் கூடவே இறங்கட்டும்.

என்றும் உன்,
வென்சோ