வெளுத்த பிரிண்ட்

மட்டாஞ்சேரி
14.2.1981

அன்புள்ள வீரபாண்டி அண்ணனுக்கு,

செல்லப்பா எழுதுவது. ஜலதோஷத்தைத் தவிர நான் சுகம்தான். பரோடா வெயில் உங்களை எப்படி வைத்திருக்கிறது? நீங்கள் சைட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆயிற்று. ஆறு வருடம் இரண்டு பாய் விரித்த அறை இது. இப்போதும் என் பாயைச் சுவரோரமாகத்தான் விரிக்கிறேன். உங்கள் பக்கம் அப்படியே கிடக்கிறது. சாயாக்கடை அப்பு சேட்டன் தினமும், "அண்ணாச்சி எப்ப வரும்?" என்று கேட்கிறார். பதில் சொல்லிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சாயா குடிப்பதுதான் கஷ்டம்.

தேவரா ஆபீசில் உங்கள் சைட்டுக்கான குழாய்ப் படங்களைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். பிரிண்ட் வந்தால் ஓரத்தில் என் எழுத்தைப் பாருங்கள். நான் கடிதம் போடாத வாரத்தில் அதையே கடிதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
செல்லப்பா

பரோடா
20.5.1981

பிரியமுள்ள தம்பி செல்லப்பாவுக்கு,

உன் பிரிண்டுகள் வருகின்றன. நீ போடும் 4 என்ற எண் தலை திறந்து நிற்பதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த வெல்டர் எனக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்தான்.

இங்கே ஒரு சங்கடம். குளிர்நீர்க் குழாயை உன் படத்தில் இருந்தபடி மேற்கே திருப்பிப் பற்றவைத்தேன். இப்போது பார்த்தால் பம்ப் கிழக்கே நிற்கிறது. எல்லாவற்றையும் அறுத்து மறுபடி செய்ய வேண்டும். இங்கே சைட் ஆபீஸ் ஃபைலில் உள்ள பிரிண்டில் கிழக்கு என்றே இருக்கிறது. அதிலும் ரிவிஷன் 2, என்னுடையதிலும் ரிவிஷன் 2. என் பிரிண்ட் ஆறு வாரம் சாரத்தில் கட்டிக் கிடந்து, வெயிலில் வெளுத்து வெறும் தாளாகிவிட்டது. காட்ட ஒன்றும் இல்லை.

இன்ஜினியர் ராமபத்ரன், வரைந்தவன் பின்னால் மாற்றியிருப்பானோ என்று கேட்டார். ரிவிஷன் நம்பரை ஏற்றாமல் என் தம்பி ஒரு கோட்டைத் தொடமாட்டான் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன், மாற்றினாயா? ஒரு வரி எழுது. என் வேலை அதில் இருக்கிறது.

உன் அண்ணன்,
வீரபாண்டி

மட்டாஞ்சேரி
2.6.1981

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரிண்ட் எடுத்த மூல டிரேசிங்கை எடுத்துப் பார்த்தேன். கிழக்கு என்றே தெளிவாக இருக்கிறது. வடக்கைக் காட்டும் அம்பு அதில் சாய்வாக இருக்கும். அவசரத்தில் தாளைத் திருப்பிப் பிடித்திருப்பீர்கள். கண்ணையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வயது நாற்பத்தைந்து ஆகிறதே.

இங்கே மழை தொடங்கிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

செல்லப்பா

கோவில்பட்டி
3.7.1981

பிரியமுள்ள தம்பிக்கு,

ஊர் பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

உன் கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை. எனக்காகத்தான் பேசும் என்று ஒட்டினபடியே ராமபத்ரன் சாரிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியும். வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

உன்மேல் வருத்தமில்லை. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருபது வருடம் படம் பார்த்த கண் எப்படித் தவறியது என்றுதான் தெரியவில்லை. கண்ணாடி வாங்கிவிட்டேன். இப்போது மச்சானின் மரக்கடையில் இருக்கிறேன். தூத்துக்குடியில் குழாய் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பயமாக இருந்தது, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆபீஸ் போகும் படகில் ஜலதோஷத்தோடு மேல்தட்டில் நிற்காதே.

வீரபாண்டி

மட்டாஞ்சேரி
18.1.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு ஒன்றரை வருடம் கழித்துப் பதில் எழுதுகிறேன். ஏழெட்டு முறை தொடங்கிக் கிழித்தேன்.

நான்தான் மாற்றினேன். முதலில் மேற்கு என்று வரைந்தது என் தவறு. பிரிண்ட் உங்களுக்குப் போன மறுநாள்தான் பார்த்தேன். ரிவிஷன் நம்பரை மூன்றாக ஏற்றினால் சீஃப் கையெழுத்துப் போட வேண்டும், காரணம் எழுத வேண்டும். அந்த மாதம்தான் சீனியர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. பிளேடால் கோட்டைச் சுரண்டிவிட்டு, கிழக்கே வரைந்து, அதே நம்பரில் வேறு பிரிண்ட் எடுத்து சைட் ஆபீசுக்கு அனுப்பினேன். உங்களிடம் இருக்கும் பழையதை யாராவது எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கண்ணைக் காட்டச் சொல்லி உங்களுக்கே எழுதினேனே.

பதவி கிடைத்தது. போன மாதம் எல்லாவற்றையும் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த டிரேசிங்கை ரத்து செய்துவிட்டதால் கேட்டு வாங்கினேன். அந்த இடத்தை மட்டும் வெட்டி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் சுரண்டிய தடம் தெரியும்.

அறையில் உங்கள் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மன்னிப்பு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வந்து நாலு திட்டுத் திட்டுங்கள்.

செல்லப்பா

11.2.1983

செல்லப்பாவுக்கு,

நீ அனுப்பிய டிரேசிங் துண்டை வாசலில் நின்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பழைய கோடு மேற்கேதான் போகிறது. கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. இத்தனை நாள் மரக்கடையில் ஒரு கட்டையை அளந்தால்கூட இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னேன். இனிமேல் வேண்டாம்.

கம்பெனியிலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போகிறேன். எந்த சைட் என்று உனக்கு எழுதப்போவதில்லை.

அறையில் என் பக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

வீரபாண்டி